திருதிருவென முழிக்கும் துரோகிக்கு என்ன வழி?

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஆறு பேர். ஒளிந்திருக்கும் துரோகிகளைக் கண்டுபிடிக்கும் ‘தி ரெசிஸ்டன்ஸ்’ கார்டு ஆட்டத்தின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கார்டுகளில் மட்டும் நாங்களே வரைந்த சூப்பர்ஹீரோ படங்களை ஒட்டி விளையாடுகிறோம். நான்கு பேர் ஹீரோ, இரண்டு பேர் ஒளிந்திருக்கும் துரோகி. எங்களில் ஒரு தோழிக்குப் பொய் சொல்லவே வராது. துரோகி கார்டு வந்தால் திருதிருவென முழிப்பாள். போன வாரம் எல்லோரும் கேலி செய்ததில் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவளை எப்படித் திரும்ப விளையாட வைப்பது?

பதில்: முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: துரோகியாக வந்தவர் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் பெரும்பகுதி நல்ல ஹீரோவாகவே விளையாடினால் போதும். நான் பார்த்தவரை, மாட்டிக்கொள்கிற துரோகிகள் பெரும்பாலும் அவசரப்பட்டவர்கள்தான்.

உங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆடும்போது ஐந்து பணிகளுக்கும் முறையே 2, 3, 4, 3, 4 பேர் போக வேண்டும். பணிக்குப் போகிறவர்கள் ரகசியமாக ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ கார்டு வைப்பார்கள், ஒரு ‘தோல்வி’ விழுந்தாலே பணி கவிழ்ந்துவிடும். மூன்று பணி தோற்றால் துரோகிகளுக்கு வெற்றி. முதல் பணிக்குப் போவது இரண்டே பேர். அதில் உங்கள் தோழி ‘தோல்வி’ கார்டைப் போட்டால், சந்தேகம் இரண்டு தலைகள் மேல்தான் விழும். எவ்வளவு நன்றாக நடித்தாலும் அதிலிருந்து தப்புவது கஷ்டம். அவரே ‘வெற்றி’ கார்டு போட்டு அந்தப் பணியை முடித்துக்கொடுத்தால், அடுத்த பணிக்கும் அவரை நம்பி அழைப்பார்கள். நான்கு பேர் போகும் மூன்றாவது பணியில் கவிழ்த்தால், சந்தேகம் நான்காகப் பிரிந்துவிடும். அதுவரை “நான் போன பணி ஜெயித்தது” என்று அவர் சொல்வது முழு உண்மை. பொய் வராதவருக்கு இதைவிடப் பெரிய தெம்பு வேறில்லை.

அடுத்தது, முகம். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை மற்ற ஐந்து பேரும் விட வேண்டும். இந்த ஆட்டத்தில் முகத்தைவிட, ஒவ்வொரு அணிக்கும் சம்மதமா இல்லையா என்று எல்லோரும் போடும் ஓட்டு அதிகம் பேசும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஹீரோக்கள் மொத்தமே நான்கு பேர். நீங்கள் ஹீரோ, ஆனால் நான்கு பேர் அணியில் உங்களுக்கு இடமில்லை என்றால், அந்த அணியில் துரோகி ஒருவராவது கட்டாயம் இருக்கிறார். ஆகவே வெளியே நிற்கும் ஹீரோ பொதுவாக அந்த அணிக்குச் சம்மதம் சொல்லக் கூடாது. யாராவது சொன்னால், பெரும்பாலும் ஒன்று கவனக்குறைவு, இல்லையென்றால் அவர்தான் துரோகி. ஒரு காகிதத்தில் யார் எந்த அணிக்கு என்ன ஓட்டுப் போட்டார் என்று எழுதி நடுவில் வையுங்கள். எல்லோர் கண்ணும் தோழியின் முகத்தை விட்டு அந்தக் காகிதத்துக்குப் போய்விடும்.

கைகளையும் கவனியுங்கள். துரோகி மட்டும்தான் எந்தக் கார்டைப் போடலாம் என்று யோசிப்பார், ஹீரோவுக்கு ‘வெற்றி’ தவிர வேறு வழியே கிடையாது. அந்தத் தயக்கமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அணியில் உள்ள எல்லோரும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் கார்டை வைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் கண்ணை மூட, துரோகிகள் மட்டும் கண் திறந்து ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்களே, அப்போது எல்லோரும் தொடையில் தட்டிக்கொண்டே இருங்கள். துரோகிகள் தலை நிமிர்த்துகிற சத்தம் அதில் அமுங்கிப்போகும்.

இவையெல்லாம் எளிது. எழுந்து போன விஷயம்தான் முக்கியம். உங்கள் மேஜையில் “அம்மா மேல சத்தியமா சொல்லு”, “நம்ம ஃபிரெண்ட்ஷிப் மேல சத்தியம்” என்றெல்லாம் பேச்சு ஓடுகிறதா? ஓடினால் இன்றோடு நிறுத்துங்கள். ஆட்டத்துக்குள் பொய் சொல்ல எல்லோரும் சேர்ந்துதான் அனுமதி கொடுத்திருக்கிறோம். அம்மா மேல் சத்தியம் கேட்பது அந்த அனுமதிக்கு வெளியே போய் நிற்பது. நேர்மையான ஒருவர் துரோகி கார்டோடு அங்கே மாட்டிக்கொண்டால் அவருக்கு இரண்டே வழி: ஆட்டத்தைக் கெடுப்பது, அல்லது நிஜமாகவே மனசாட்சிக்கு விரோதமாகப் பேசுவது. எழுந்து போகாமல் என்ன செய்வார்? எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இரவு பாழானது. சத்தியம் கேட்டவன் நான்தான். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், அன்றிலிருந்து சத்தியத்துக்குத் தடை. அதேபோல, “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று ஆளைப் பற்றிப் பேசாமல், “ரெண்டாவது அணிக்கு ஏன் சம்மதம் சொன்ன?” என்று ஆட்டத்தைப் பற்றியே கேளுங்கள்.

சின்ன வயதில் ராஜா, ராணி, திருடன், போலீஸ் சீட்டு குலுக்கிப் போட்டு விளையாடியிருப்பீர்கள். அதில் திருடன் வாய் திறக்க வேண்டியதே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உங்கள் தோழியிடம் அதை ஞாபகப்படுத்துங்கள். பேச்சுக் குறைவான துரோகியும் ஜெயிக்கலாம், ஆனால் ஹீரோவாக வரும்போதும் அதே அளவுதான் பேச வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியாது.

இன்னும் தயக்கம் போகவில்லை என்றால், சில நாள் ‘ஷேடோஸ் ஓவர் கேமலாட்’ என்ற போர்டு கேமை எடுத்துப் பாருங்கள். அதில் யார் எந்தப் பக்கம் என்று சொல்லும் எட்டு விசுவாசக் கார்டுகளில் ஒன்றே ஒன்றுதான் துரோகி. அதிகபட்சம் ஏழு பேர்தான் ஆட முடியும் என்பதால், துரோகி யாரிடமும் போகாமல் பெட்டியிலேயே தங்கிவிடவும் கூடும். துரோகி இருக்கிறாரா என்பதே உறுதியில்லாத மேஜையில் யாரும் யாரையும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அழைப்பு முதலில் போகட்டும். குரூப்பில் மெசேஜ் போடாமல், கேலி செய்தவர்களே அவருக்கு நேரில் போய்ச் சொல்லட்டும்.