வெறும் பத்திரிகையாளர்

வணக்கம் அம்மா,

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து சிறுகதைக்கென்றே ஓர் இணைய இதழ் தொடங்கப்போகிறோம். கணையாழி என்ற இலக்கிய மாத இதழைப் பற்றித் தேடியபோது உங்கள் பழைய கட்டுரை ஒன்று கிடைத்தது. மூன்று கேள்விகள். எழுதுகிறவர்களுக்குச் சன்மானம் கொடுத்தே ஆக வேண்டுமா? கணையாழியில் வந்தவற்றில் சிறந்த பத்துக் கதைகள் எவை? கடைசியாக, அதைத் தொடங்கிய கி. கஸ்தூரிரங்கனை இவ்வளவு உயர்த்திச் சொல்கிறீர்களே, சுஜாதா, அசோகமித்திரன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் என்று எழுதினவர்களால்தானே அந்த இதழ் நின்றது? அவர் வெறும் பத்திரிகையாளர்தானே?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

சன்மானம், கையில் இருந்தால் கொடுங்கள். பத்துக் கதைப் பட்டியல் நான் போடுவதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். அதில் அகப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு நாலு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

‘வெறும்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்தச் சொல் உங்கள் கைக்கு எப்படி வந்தது? கதை எழுதினால் எழுத்தாளர், கதையை வாங்கி அச்சில் ஏற்றினால் ‘வெறும்’ ஆளா? கஸ்தூரிரங்கன் டெல்லியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த உத்தியோகம் போதும் என்று அவர் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1965 ஜூலையில் கணையாழியைத் தொடங்கினார். அந்த ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்திருந்தது. தமிழ் வாசகர்கள் திரண்டிருந்த ஊர்களுக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் குமாஸ்தா வேலை பார்த்த தமிழர்கள் நடுவில் இருந்துகொண்டு ஓர் இலக்கிய மாத இதழ்! தினமணி ஆசிரியர் பதவியெல்லாம் வெகு பின்னால் வந்தது.

நீங்கள் சொன்ன பெயர்களையே எடுத்துக்கொள்வோம். விமானப் போக்குவரத்துத் துறையில் இருந்த ரங்கராஜன் என்ற இளைஞருக்கு, அவர்தான் நீங்கள் சொன்ன சுஜாதா, இதழின் கடைசிப் பக்கம் கொடுக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் மனதில் பட்டதையெல்லாம் அவர் எழுதினார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு வந்த அசோகமித்திரன் சென்னையில் உட்கார்ந்து பல வருஷம் இதழைக் கவனித்துக்கொண்டார். அவருடைய ‘தண்ணீர்’ கணையாழியில்தான் தொடராக வந்தது. எழுதினவர்கள் பெரியவர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களை யார் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்? யாரை நம்பலாம் என்று கண்டுகொண்ட கண் யாருடையது?

பரணில் அகப்பட்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தது 1973இல். எங்கள் பிளாக்கில் பதினாறு வீடு, நாலு தமிழ்க் குடும்பம், ஒரே ஒரு கணையாழி. எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அட்டையின் ஓரத்தில் மஞ்சள் பொடி, உள்ளே யாரோ பென்சிலால் போட்ட பால் கணக்கு. 1980 குளிர்காலத்தில் நானும் ஒரு குறுநாவல் எழுதினேன். மத்தியானம் மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, வெயில் நகர நகரக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். கோடு போட்ட நோட்டில் 140 பக்கம். வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பிரதி எடுக்கவில்லை. கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும் என்று சொல்லித்தர யாருமில்லை.

பதில் வரவில்லை. தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்து நாலு கடிதம் போட்டேன். மூன்று வருஷம். பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ ஒரு வரி, ஒரே ஒரு வரி வந்திருந்தால் போதும். சென்னைக்குப் போயிருந்தபோது நேரிலேயே போய்க் கேட்டேன். ‘அப்படி எதுவும் வரவில்லையே’ என்றார்கள். வந்தது என்பதற்கு அவர்கள் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிய அக்னாலட்ஜ்மென்ட் கார்டு என் கைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தக் கார்டுதான் பரணில் கிடைத்தது.

டெல்லி வானொலியில் பல வருஷம் இருந்த எழுத்தாளர் தி. ஜானகிராமன் ஓய்வுபெற்றுச் சென்னைக்குப் போய், 1982இல் காலமானார். அவர் நினைவாகக் கணையாழி குறுநாவல்களைக் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் தம்பி. குறுநாவல் எங்கேயும் பொருந்தாத பிள்ளை. வாரப் பத்திரிகைக்கு நீளம் அதிகம், புத்தகமாகப் போடப் பக்கம் போதாது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் எத்தனை பேர் எழுதத் துணிந்தார்கள்! எழுத வந்த புதுப் பையன்கள் பலருக்கு முதல் பெரிய மேடை அதுதான். எழுதுகிறவனை எழுத வைப்பது ஓர் இதழாசிரியரின் சொந்தப் படைப்பு இல்லையா? அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அந்த அறிவிப்பைப் படித்த ராத்திரி, தொலைந்துபோன குறுநாவலை நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன். பதினொரு பக்கம் வந்தது. அதற்கு மேல் கதையில் வரும் அந்தப் பெண் என்னோடு பேசவில்லை.

கஸ்தூரிரங்கன் 2011இல் மறைந்தார். அவர் எழுதிய புத்தகம் எத்தனை என்று எண்ணி அவரை அளக்காதீர்கள். பழைய கணையாழி இதழ்களை எடுத்து வைத்து, மாதா மாதம் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அதன் பிறகும் ‘வெறும்’ என்று எழுதக் கை வந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

உங்கள் இதழின் முதல் பக்கத்தில், வருகிற படைப்புகளுக்கு எத்தனை நாளில் பதில் போடுவீர்கள் என்று எழுதி வையுங்கள். எழுதினால் அதைக் காப்பாற்றுங்கள். கணினி தானாக அனுப்புகிற ‘கிடைத்தது’ என்ற வரியைச் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போடுகிற பதிலைச் சொல்கிறேன்.

அந்தப் பதினொரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுங்கள்.