ஆணிக்காட்டில் நாணயம் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆளொழிந்த ஒரு பழைய சுரங்க ஊரில் மெட்டல் டிடெக்டரோடு தேடினேன். கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணிகள்தான். என் கருவி மட்டமானதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கும். மர வீடு இற்றாலும் எரிந்தாலும் மரம் போய்விடும், அதில் அடித்திருந்த ஆணியெல்லாம் மண்ணில் தங்கிவிடும். இரும்பு வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் ஒலியை அடக்கும் அமைப்பை) கூட்டி வைத்தால், ஆணியின் ஒலியை அடக்கும்போது பக்கத்தில் கிடக்கும் வெள்ளி நாணயத்தின் ஒலியையும் கருவி சேர்த்து அடக்கிவிடும். ஆளொழிந்த ஊர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

முதலில் காயிலை (கருவியின் அடியில் தரைமேல் வீசும் வட்டத் தட்டை) மாற்றுங்கள். 11 அங்குலக் காயிலின் அடியில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆணிகள் வந்துவிடும். 5 அல்லது 6 அங்குலக் காயில் போட்டால் ஆழம் கொஞ்சம் குறையும். ஆனால் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடப்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டும். ஆணிக்காட்டில் ஆழத்தைவிட இந்தப் பிரிப்புதான் பெரிது. டிஸ்கிரிமினேஷனை அடியோடு குறைத்து, இரும்பு தாழ்ந்த ஒலியில் கேட்கும்படி விடுங்கள். ஹெட்போன் கட்டாயம். காயிலைத் தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் மட்டமாகப் பிடித்து, ஒரு மீட்டர் அகலத்தைக் கடக்க மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். வீச்சின் இரு முனைகளிலும் கை தானாகக் காயிலைத் தூக்கிவிடும், அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் குறுக்குத் திசையில் மறுபடியும் வாருங்கள்.

நல்ல ஒலி கேட்டால் உடனே தோண்டாதீர்கள். 90 டிகிரி சுற்றி நின்று மீண்டும் வீசுங்கள். தட்டையாகக் கிடக்கும் நாணயம் எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே ஒலி தரும். ஆணியின் ஒலி ஒரு திசையில் உடைந்து கரகரக்கும். துருப்பிடித்த டப்பா மூடியும் வாஷரும் வட்டமாக இருப்பதால் கருவியின் திரையில் வெள்ளியைப் போல உயர்ந்த எண் காட்டி ஏமாற்றும். காயிலை மெதுவாகத் தூக்குங்கள். 25 செ.மீ. உயரத்திலும் ஒலி குறையவில்லை என்றால் கீழே கிடப்பது பெரிய பொருள். சந்தேகம் தீராவிட்டால் தோண்டிப் பார்த்துவிடுங்கள். செங்குத்தாக நிற்கும் நாணயமும் கரகரக்கும்.

கேள்வி: ஊருக்குள் எங்கே தொடங்குவது?

பதில்: பழைய வரைபடத்தில் கடை, பள்ளி, மதுக்கடை, நிலையம் எங்கிருந்தன என்று முதலில் பாருங்கள். மக்கள் பணத்தைக் கையில் எடுத்த இடங்களில்தான் அது தவறி விழுந்திருக்கும். வாசற்படியின் இரு பக்கம், வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போன தடம், பெரிய மரத்தின் நிழல் ஆகியவை அடுத்து. பலகைத் தரை இருந்த வீடுகளில் இடுக்கு வழியாக நாணயம் கீழே விழுந்திருக்கும். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் ஒலி தெளிவாக வரும். பழைய கிணறுகளையும் சுரங்க வாய்களையும் பலகை போட்டு மூடியிருப்பார்கள். மேலே மண் படிந்து தரை போலத் தெரியும், பலகையோ உளுத்திருக்கும். தரை உள்வாங்கிய இடத்தில் கால் வைக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

கேள்வி: யாரும் இல்லாத ஊர்தானே, எடுத்தால் யார் கேட்பார்கள்?

பதில்: ஆள் இல்லாத ஊருக்கும் உரிமையாளர் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்காமல் கருவியை இறக்காதீர்கள். கலிபோர்னியாவில் போடி (Bodie) என்ற ஆளொழிந்த சுரங்க ஊர் 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்கா. அங்கிருந்து ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி நிலங்களில் 100 ஆண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் புதையல் என்று கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உண்டு. ஒரே குழியில் பல நாணயங்கள் தென்பட்டால் கையை எடுத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். அவை எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தன என்பதில்தான் வரலாறு இருக்கிறது. அள்ளிவிட்டால் அது திரும்பாது.

கேள்வி: தோண்டி எடுத்ததை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: நாணயத்தைக் களத்தில் விரலால் தேய்க்கவே கூடாது. ஒட்டிய மணல் வெள்ளியில் கீறல் போட்டுவிடும், மதிப்பு அங்கேயே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மண் தானாக இளகட்டும். செம்பு நாணயத்தின் பச்சைப் படலத்தைச் சுரண்டாதீர்கள். எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் இருக்கும்.

இரும்புப் பொருளுக்கு மின்பகுப்பு (நீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும் முறை) உதவும். 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரையுங்கள். 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையைப் பொருளிலும், நேர்முனையை ஒரு சாதாரண இரும்புத் தகட்டிலும் இணையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகடு எவர்சில்வராக இருந்தால் நச்சுக் குரோமியம் கரையும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். ஹைட்ரஜன் வெளியாவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்குத் துருவாகிப் போன பொருளைத் தொட்டியில் போடாதீர்கள், உதிர்ந்துவிடும்.