வாசகர் கேள்வி பதில்: ஆங்கிலப் பேச்சுக்குள் கப்பல் கயிறு

கேள்வி: மகள் சாதாரண தரம் படிக்கிறாள். வெறியில் தள்ளாடும் ஒருவனை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்று ஒரு கதையில் எழுதியிருக்கிறது. மூன்று விரிப்புக்கும் குடிக்கும் என்ன தொடர்பு?
(ஒரு தாய், உவர்மலை)

பதில்: விரிப்பும் இல்லை, கப்பல் பாயும் இல்லை அம்மா. பாய்மரக் கப்பலில் 'ஷீட்' என்றால் கயிறு. பாயின் கீழ் மூலையில் கட்டி, காற்றுக்கு ஏற்ப இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கிற கயிறு அது. அது கைவிட்டுப் போனால் பாய் படபடவென்று அடிக்கும், காற்று அதில் தங்காது. ஒன்று போனாலே சிரமம்; மூன்றும் அவிழ்ந்து காற்றோடு பறந்தால் கப்பல் திருப்பிய பக்கம் போகாமல் அங்குமிங்கும் ஆடும், தவறணையிலிருந்து வெளியே வருகிறவனின் நடை மாதிரியே. 1821இல் லண்டனில் வந்த ஒரு புத்தகத்திலேயே இது இருக்கிறது, அப்போது 'இன் த விண்ட்' என்று.

கேள்வி: 'டு த பிட்டர் எண்ட்' கசப்பான முடிவுதானே? அதிலுமா கப்பல்?
(வாசகர், சீனன்குடா)

பதில்: அதிலும்தான். நங்கூரக் கயிற்றைச் சுற்றிக் கட்டக் கப்பல் தளத்தில் நிற்கும் தடித்த கட்டைகளுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். கயிற்றில் கப்பலுக்குள்ளேயே நிற்கும் பகுதியை 'பிட்டர்ஸ் எண்ட்' என்று கப்டன் ஜோன் ஸ்மித் 1627இல் கடலோடிகளுக்கான தன் நூலில் எழுதிவைத்தார். நம் திருகோணமலைத் துறைமுகம் போல ஆழமான இடத்தில் நங்கூரம் இறக்கினால் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நுனி வந்துவிட்டால் அப்புறம் விடுவதற்கு ஒன்றுமில்லை; 'கடைசி வரை' என்ற பொருள் அப்படித்தான். ஆனால் நீங்கள் சொல்லும் கசப்பையும் தள்ளிவிட முடியாது. நீதிமொழிகள் 5ஆம் அதிகாரத்தில் முடிவு எட்டியைப் போலக் கசக்கும் என்று வருகிறதே, அதைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேயர் வாயில் இரண்டும் கலந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: வைக்கோல் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' (மழை கொட்டுகிறது) என்ற பேச்சு வந்ததாம். வட்சப்பில் பார்த்தேன், உண்மையா?
(மாணவர், கிண்ணியா)

பதில்: பொய் தம்பி, தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். கிடுகுக் கூரை வீட்டில் வளர்ந்த யாரையும் கேளுங்கள், மாரி மழை தூறத் தொடங்கும்போதே பூனை குசினிக்குள் வந்து அடுப்படியில் சுருண்டுவிடும், நாய் கூரைப் பக்கமே போகாது. இந்தக் கதை 1999இல் மின்னஞ்சல் வழியாகச் சுற்றிய ஒரு கட்டுக்கதைத் தொகுப்பில் இருந்தது. பேச்சோ எவ்வளவோ பழையது: கவிஞர் ஹென்றி வோன் 1651இலேயே நாயும் பூனையுமாகப் பெய்யும் மழையைப் பற்றி எழுதினார், ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் இன்று சொல்லும் வடிவிலேயே எழுதினார். ஏன் இந்த இரண்டு பிராணிகள் என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒத்த முடிவு இல்லை. இப்படி அழகான கதை எது வந்தாலும், அந்தப் பேச்சு முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது என்று கேளுங்கள், பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

கேள்வி: 'டர்ன் எ பிளைண்ட் ஐ' (கண்டும் காணாமல் விடுவது) ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதா?
(வாசகர், கோட்டை வீதி)

பதில்: பேச்சு அவருக்கு முன்பே எழுத்தில் உண்டு, ஊரறியச் செய்தது அவர் கதை. இளவயதில் கடற்படைக் கப்பலில் நம் இந்து சமுத்திரத்துக்கு வந்துபோன அதே நெல்சன்தான். 1794இல் கோர்சிகாத் தீவுச் சண்டையில் வலக்கண் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2ஆம் திகதி கோபன்ஹேகனில், சண்டையை நிறுத்தும்படி அவருக்கு மேலிருந்த தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் கொடியேற்றியபோது, தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்து, தனக்குச் சமிக்ஞை எதுவும் தெரியவில்லை என்றாராம். வென்றும் விட்டார். அடுத்த மாதமே பார்க்கரைத் திருப்பி அழைத்துக்கொண்டு படையை நெல்சனிடம் கொடுத்தார்கள்.