அசல் சான்றிதழ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்: கல்லூரிச் சேர்க்கைக் கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசுக் கல்லூரிகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் கலந்தாய்வு, அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை, பாலிடெக்னிக் ஆகிய மூன்றும் எனக்குப் பழக்கமானவை. கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

காரிமங்கலம், மாணவர்: கணிதம் 92, இயற்பியல் 78, வேதியியல் 84. விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது ஐயா? எனக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் எழுது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

தம்பி, கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும். 92, 39, 42. கூட்டினால் 173. இதுதான் 200-க்கு உங்கள் கட்-ஆஃப்.

அண்ணன் சொன்னதைக் கேட்காதீர்கள். ஆண்டுதோறும் நல்ல பிள்ளைகள் இந்த ஒரு தவறால் நல்ல இடத்தை இழக்கிறார்கள். உங்கள் தரவரிசைக்கு முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்த வரியில் உங்களுக்கு இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் ஒன்றும் குறையாது, அடுத்த வரிக்குப் போகும். எளிதில் கிடைப்பதை முதலில் எழுதினால் அதோடு முடிந்தது. கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 10 கல்லூரியோடு நிறுத்தாமல் 60 வேண்டுமானாலும் எழுதலாம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியையும் செட்டிக்கரையில் 2013-இல் தொடங்கிய தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பதாலேயே நம் பிள்ளைகள் அவற்றைக் கீழே தள்ளுகிறார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யவேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே எழுதியது காலியானால் அதற்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. அவசரத்தில் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் முதலில் வரும் நான்கைந்து கல்லூரிகளை நேரில் போய்ப் பாருங்கள். வாசல் வளைவையும் சேர்க்கை அலுவலகத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நூலகத்தில் உங்கள் பாடப்பிரிவின் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, பின்னட்டையை ஒட்டிய தேதித் தாளைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த ஆண்டு? பிறகு இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "போன வாரம் உங்கள் கையால் என்ன சோதனை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அங்கே ஆய்வகம் இயங்குகிறது. யோசித்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

போச்சம்பள்ளி, தந்தை: ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தார். மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் இன்றே கொடுத்தால் கட்டணச் சலுகை என்கிறார்.

கொடுக்காதீர்கள் ஐயா. நகல் கொடுங்கள், அசல் கூடாது.

என் மாணவன் ஒருவன் இப்படித்தான் கொடுத்தான். கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது சான்றிதழ் அந்தக் கல்லூரியில் மாட்டிக்கொண்டது. நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் ஓர் இரும்பு பீரோவைக் கை காட்டி, "சாவி தாளாளரிடம் இருக்கிறது" என்றார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று மூன்று முறை அதே பதில். அவன் அப்பா அந்தப் பீரோவின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றதை இன்றும் மறக்கமுடியவில்லை. சேரும் கடைசி நாள் மாலைதான் அந்தப் பீரோ திறந்தது. அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரவேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அதையே சொல்கிறது. விதியைத் தெரிந்துகொண்டு பேசுகிற தந்தையிடம் பீரோச் சாவி சீக்கிரம் கிடைக்கும்.

பாலக்கோடு, மாணவி: கம்ப்யூட்டர் சயின்ஸா, செயற்கை நுண்ணறிவா?

முதல் இரண்டு ஆண்டுகளின் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான் அம்மா. எந்தக் கல்லூரியில் ஆசிரியர் நிலைத்து இருக்கிறாரோ அதைப் பாருங்கள்.

ஓசூர், தாய்: என் மகன் பெங்களூரில் படித்தான். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் வரமுடியுமா?

8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள்.

அரூர், தந்தை: மகளுக்குச் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி கிடைக்கும் போலிருக்கிறது. விடுதி வேண்டாம், கல்லூரிப் பேருந்தில் தினமும் போய் வரட்டும் என்று நினைக்கிறேன். சரிதானே?

சரியில்லை ஐயா. மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கி, ஊர் ஊராக நின்று, கல்லூரி வாசலை அடையக் கல்லூரிப் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். போக வர நான்கு மணி. ஆண்டுக்கு 180 நாள் வகுப்பு என்று வைத்தாலும் 720 மணி நேரம். நான்கு ஆண்டில் 2,880. காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்கு வந்து விழுகிற பெண், நூலகத்தில் எப்போது உட்காருவாள்? மாலையில் ஆய்வகம் திறந்திருந்தால் அவளுக்கு என்ன பயன்? நான்கரை மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும். மாணவர்கள் பேருந்திலேயே எழுதிய பயிற்சி ஏடுகளைத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வேகத்தடையும் எழுத்தில் தெரியும்.

இந்தப் பதிலுக்கு மட்டும் வந்து குவிந்தவை பல. முக்கியமானவற்றைத் தருகிறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி, பெரியவர் ஒருவர்: நாங்கள் பஸ்ஸில் போய்ப் படிக்கவில்லையா? பெண் பிள்ளை ராத்திரி வீட்டில் இருப்பதுதான் நல்லது. விடுதியில் விட்டுவிட்டு நாளைக்கு ஒன்று என்றால் நீங்கள் வருவீர்களா?

வருவேன் ஐயா. என் மாணவிகளுக்காகப் போயிருக்கிறேன். உங்கள் அச்சத்தை நான் தள்ளிப் பேசவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பு எப்படி நிற்கிறது என்று நமக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் யாரோ பேசினான் என்று ஒருவர் வந்து சொல்வார். அந்த வாரமே படிப்பு நிற்கும், அடுத்த மாதம் மாப்பிள்ளை வந்துவிடுவார். விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு இந்தத் தினசரி விசாரணை இல்லை. பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் அவள் படிப்பை முடிப்பதும் சேர்ந்திருக்கவேண்டும்.

பொம்மிடி, தாய்: என் மகன் இங்கிருந்து ரயிலில்தான் சேலம் போகிறான். உட்கார்ந்து படித்துக்கொண்டே போகிறான். எல்லாருக்கும் விடுதி என்று சொல்லிவிட்டீர்களே.

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் அம்மா. பொம்மிடியில் ரயில் நிலையம் ஊரிலேயே இருக்கிறது. ரயிலில் எழுதலாம், படிக்கலாம். அரூர்ப் பெண் ரயில் ஏறவே முதலில் மொரப்பூருக்குப் பஸ் பிடிக்கவேண்டும். எல்லாருக்கும் விடுதிதான் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரை ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வீட்டிலிருந்தே போகலாம்.

அரூர், அதே தந்தை: ஐயா, பயம் ஒரு பக்கம். விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை என்பதுதான் உண்மை. இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. மகள் எந்தப் பள்ளியில் படித்தாள்?

அரூர், அதே தந்தை: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான்.

அப்படியானால் பணக் கவலையை விடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. விண்ணப்பத்தில் பள்ளி விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது.

பென்னாகரம், மாணவர்: கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா, வேறு எடுக்கலாமா?

பாலக்கோட்டு மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிருஷ்ணகிரி, மாணவர்: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருக்கிறது. நண்பர்கள் எல்லாரும் பொறியியல் போகிறார்கள். தமிழ்வழியில் படித்தவன். வெட்கமாக இருக்கிறது.

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

முதலில் மொழி. முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் வரும் வரையறைகளை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பிளஸ் டூ புத்தகத்தில் நீங்கள் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதுங்கள். உங்களுக்கு வேதியியல் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். தீபாவளிக்குள் பாடம் காதில் விழத் தொடங்கும்.

அடுத்தது, கல்லூரி மதியத்தோடு முடிந்தால் மீதி நாள் உங்களுடையது. பொறியியல் கல்லூரிப் பேருந்தில் இருக்கும் உங்கள் நண்பருக்கு அது கிடையாது. கிருஷ்ணகிரியைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் இருக்கின்றன. மாங்காய்ப் பருவத்தில் அங்கே தரச்சோதனை அறையில் வேலை நடக்கும்: கூழின் சர்க்கரை அளவையும் அமிலத்தன்மையையும் அளப்பார்கள். அமிலத்தன்மையை அளப்பது நீங்கள் ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்). துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு விடுமுறையில் போய்க் கேளுங்கள். பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மண் ஆய்வு எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள். அரசின் 'நான் முதல்வன்' திட்டத் திறன் பயிற்சிகளை வருகைப்பதிவுக்காக மட்டும் முடிக்காதீர்கள்.

ஆசிரியர்களில் ஒருவரையாவது நன்றாகப் பழக்கிக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்தபின் ஒரு சந்தேகத்தோடு துறை அறைக்குப் போகிற மாணவரை நாங்கள் மறப்பதில்லை. எம்.எஸ்சி.க்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்த நுழைவுத்தேர்வு எழுதுவது என்று அவரே உங்களைத் தேடி வந்து சொல்வார். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உங்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதில் முதல் மாதம் ஒரு நல்ல ஆங்கில அகராதி வாங்குங்கள்.

ஊத்தங்கரை, தந்தை: நீட் மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரி கிடைக்குமா?

இது என் துறை இல்லை. மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவின் கையேட்டைப் படியுங்கள். சீட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் அசலைக் கொடுக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை, மாணவர்: பாலிடெக்னிக் சேர்ந்தால் அதோடு முடிந்ததா?

இல்லை தம்பி. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். ஓசூர்த் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு இது நல்ல வழி. கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரடி இரண்டாம் ஆண்டில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் தடுமாறுகிறார்கள்.

மத்தூர், தாய்: முதல் பட்டதாரிச் சலுகை நிர்வாக ஒதுக்கீட்டிலும் கிடைக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள்.

கிடைக்காது அம்மா. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான அந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக வந்த இடத்துக்குத்தான், கல்லூரியே நிரப்பும் நிர்வாக இடத்துக்கு இல்லை. இதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள், அசலையும் கொடுக்காதீர்கள்.

தருமபுரி, மாணவர்: ஐயா, கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்லதா?

மூன்றாம் முறை இதே கேள்வி. மேலே இருக்கிறது, படியுங்கள்.

அரூர், மாணவி: நான்தான் அந்த மகள். அப்பா விடுதியைப் பார்க்க வரச் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறோம். என்ன பார்க்கவேண்டும்?

மகிழ்ச்சி அம்மா. வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், விடுதி அமைதியாகத் தெரியும். புதன்கிழமை மாலை போங்கள். அப்பா காப்பாளரிடம் பேசட்டும். நீங்கள் அம்மாவோடு மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். படிக்கும் அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று காப்பாளரிடம் கேட்காதீர்கள். அங்கே உட்கார்ந்து படிக்கும் பெண்ணிடம் கேளுங்கள். இரவு உடம்பு சரியில்லாமல் போனால் யார் அழைத்துப்போவார்கள் என்று அவளிடமே கேளுங்கள். பிடித்திருந்தால் சேருங்கள். நகல் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.