ஐந்து பேர்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் சேரிகளைப் பற்றி ஜேக்கப் ரீஸ் 1890-ல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். அவரே டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்த ஏழை. ஆனால் இத்தாலியர், யூதர், சீனர் என்று இனவாரியாக மட்டம் தட்டுகிறார். அவரைச் சீர்திருத்தவாதி என்பதா, இனவாதி என்பதா?

அன்புள்ள தம்பி,

இதென்ன, பரீட்சைத் தாளா, இரண்டில் ஒன்றுக்கு டிக் அடிக்க? சீனர்களைப் பற்றி எழுதியிருப்பது அசிங்கம். மல்பெரி தெருவின் அந்தச் சேரி நரகத்தை இடித்துப் பூங்காவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அதுவும் சரி. விடுங்கள். நான் கொஞ்ச நாளாக வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி இருட்டில் படமெடுக்கும் வித்தை வந்தது. அதைப் பேப்பரில் படித்த ரீஸ், நள்ளிரவில் ஏழைகளின் அறைகளுக்குள் போய் வாணலியில் (ஆமாம், சமையல் வாணலிதான்) பொடியைக் கொட்டிக் கொளுத்துவார். ஒருமுறை ஒரு மச்சு அறையில் ஐந்து பேர், ஆணும் பெண்ணுமாக, எல்லோரும் கண் தெரியாத பிச்சைக்காரர்கள். கொளுத்திய வெளிச்சத்தில் இவருக்கே சற்று நேரம் கண் தெரியவில்லை. தெரிந்தபோது சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் எரிகின்றன, அந்த ஐவருக்கோ ஒன்றும் தெரியாது. தெருவுக்கு ஓடிவிடத்தான் முதலில் தோன்றியது என்று அவரே எழுதுகிறார். ஓடவில்லை, தானே அணைத்தார். அதை மறைக்காமல் எழுதியதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் கீழே வந்து போலீஸ்காரரிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். போன குளிர்காலத்தில் மட்டும் ஆறு தடவை பற்றிக்கொண்ட வீடாம், சுவரில் அப்பியிருக்கும் அழுக்கே தீயை அமுக்கிவிடுமாம். ரீஸும் இன்ஷூரன்ஸை வைத்து ஒரு ஜோக் சேர்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்த ஐந்து பேர்? பெயர்கூட இல்லை. 1870-ல் தான் படுத்திருந்த போலீஸ் நிலையத்தில் (வீடில்லாதவர்கள் இரவு தங்க அங்கே இடம் கொடுப்பார்கள்) தன் நாயை அங்கிருந்த காவலாளி படிக்கட்டில் அடித்துக் கொன்றதை 25 வருஷம் மறக்காமல், பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க் போலீஸ் கமிஷனராக வந்ததும் 1896-ல் அந்தத் தங்குமிடங்களையே மூடவைத்த மனிதர் இவர்! நீங்களும் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பீர்கள். உங்கள் கடிதத்திலும் அந்த ஐவரைக் காணோம்.

என் அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை இல்லை. அத்தை கல்யாணத்தில் ஃபிளாஷ் அடித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டோம். அவள் மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அசையாமல் இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "எடுத்தாச்சாடா?" என்றாள். நான் அதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன்.