டைனமோவைக் கழற்றும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. புது பேட்டரி போட்டும் சில மாதங்களில் அதே கதை. மேகம் இறங்கும்போது ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. மெக்கானிக் டைனமோவையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதி விடை அந்த மங்கலான விளக்கிலேயே இருக்கிறது.

அந்த பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடு சேர்கிறது, மறுமுனை ஆல்டர்னேட்டரோடு (மெக்கானிக் டைனமோ என்று சொல்வது இதைத்தான்). இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் எரியாது. ஒரு வோல்ட் சொச்சம் வித்தியாசம் வந்தாலே இருட்டில் லேசாகத் தெரியும். ஹெட்லைட், வைப்பர் என்று லோடு ஏறும்போது விளக்கு தெரிகிறதென்றால், கரண்ட் வரும் வழியில் எங்கோ தடை இருக்கிறது. இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட் ஏதோ போயிருக்கிறது. முதலாவதுதான் என்றால் புது டைனமோ போட்டாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்று: ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் வழுக்கி சார்ஜ் மொத்தமாகக் குறைந்தால் பல்பின் இரண்டு பக்கமும் வோல்ட் சேர்ந்தே இறங்கும். விளக்கு எரியாமலே பேட்டரி காலியாகிவிடும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன் பேட்டரி முனைகளில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டு, ஐடிலுக்கு மேல் ரேஸ் கொடுத்துப் பிடியுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

13.2, 13 என்று காட்டினால் அடுத்த சோதனைதான் முக்கியம். பட்டறைகளில் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. லோடு அப்படியே இருக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டில் வையுங்கள், மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸில். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் கோளாறு. அதேபோல் ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.2ஐத் தாண்டக் கூடாது. மழையும் மேகமும் ஓயாத ஊரில், இந்த வயது வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது ஒயர் முனையில் இருக்கும் லக், பேட்டரி முனையைப் பிடிக்கும் கிளாம்ப், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை ஆகியவற்றைத்தான். வெளியே பளபளப்பாக இருக்கும், கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினால் பல வண்டிகள் அத்தோடு சரியாகிவிடும். கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்ற மறக்காதீர்கள்.

ஒயர் சுத்தமாக இருந்தும் விளக்கு எரிந்தால் டயோடைப் பாருங்கள். வண்டி ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகம் வலுக்கிறது. (மலிவான சில மீட்டர்கள் 28, 30 என்று காட்டும், அது டிசியைத் தப்பாகப் படிப்பது, பயப்பட வேண்டாம்.) உங்கள் ஊர்க் குளிரில் மீட்டரே இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. விடிகாலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சில்லென்று இருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், டயோட் வழியாக இரவெல்லாம் பேட்டரி கசிந்திருக்கிறது. காலையில் செல்ஃப் எடுக்காததற்கும் அதுவே காரணம்.

பெல்ட்டை அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். ஈரக் காலையில் கீச்சிட்டால், அல்லது உள்பக்கம் கண்ணாடிபோல் மின்னினால், மாற்றிவிடுங்கள்.

ஓட்டும் விதத்தையும் கேட்டாக வேண்டும். வீட்டிலிருந்து கடைவீதி, அங்கிருந்து வீடு என்று மட்டும் ஓடினால், குளிரில் ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் திரும்ப ஏறாது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் ஐடிலில் கிடக்க, இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் தின்னும். பிரேக் சூடேறுவது தனி ஆபத்து. இரண்டாம் கியரில் இறங்குங்கள், சார்ஜும் ஏறும்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'சார்ஜ் வருதா பார்' என்று யாராவது சோதிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டில் நல்ல டயோடும் போய்விடும்.

டயோட்தான் என்று தெரிந்தாலும் முழு யூனிட்டை வாங்க அவசரப்பட வேண்டாம். டயோட் பிளேட், கார்பன், பேரிங் தனித்தனியாகக் கிடைக்கின்றன. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்து மாற்றித் தருவார். பாடி வெடித்திருந்தாலோ காயில் கருகியிருந்தாலோ மட்டும் புதிது வாங்குங்கள். கோளாறு சரியாகும் வரை இருட்டில் மலைப்பாதை வேண்டாம்.