வெங்காய விலைச் சண்டையும் அடைவுகடை வட்டியும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) தோட்டத்தில் சின்ன வெங்காயம் செய்கிறோம். 2021இல் 10 பவுண் நகையை அடைவு வைத்து 5 இலட்சம் எடுத்தோம். பவுண் விலை ஏற ஏற மேலும் எடுத்து, இன்று 14 இலட்சத்தில் நிற்கிறது. மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. இறக்குமதியை நிறுத்தினால்தான் தோட்டக்காரன் பிழைப்பான் என்கிறார் கணவர். உலகமே ஒரே சந்தையாகிவிட்டது, நகையில் இன்னும் 2 இலட்சம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வெளிநாட்டு நாணய வியாபாரம் செய்வோம் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது குடாநாட்டில் மிளகாய்க் காசில் கல்வீடுகள் எழும்பின. 1977இல் கதவு திறந்ததும் அந்த விலை விழுந்தது. அதே மூடிய காலத்தில்தான் பாணுக்கும் துணிக்கும் நாடு வரிசையில் நின்றது என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார். இன்றோ உங்கள் வெங்காயத்துக்குப் போடும் உரமும் நீரிறைக்கும் எண்ணெயும்கூடக் கப்பலில் வருபவை. இரசாயன உர இறக்குமதியை 2021இல் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்த நாடு இது. அந்தச் சுமையில் ஒரு பங்கு உங்கள் தோட்டத்திலும் விழுந்திருக்கும். அறுவடைக் காலம் பார்த்து இறக்குமதி வெங்காயத்தின் மீதான விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரியைக் கூட்டும்படி கமக்கார அமைப்பு ஊடாகக் கேட்பது சரியான கோரிக்கைதான். ஆனால் அது நிறைவேறினாலும் உங்கள் வீட்டுக் கணக்கு நேராகாது.

14 இலட்சத்துக்கு மாதம் 21,000, வருடம் 2,52,000 ரூபாய் வட்டி. நல்ல வருடத்தில் இரண்டு போகமும் சேர்த்துச் செலவு போக 4 இலட்சம் மிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி அதில் பாதிக்கு மேல். மகளின் படிப்புக்கென்று கனடாவிலிருந்து உங்கள் தம்பி மாதந்தோறும் அனுப்பும் 25,000 ரூபாய் பெரும்பாலும் வட்டிக்கே சரியாகிவிடுகிறது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டிய வரி அது.

பவுண் விலை ஏறும்போதெல்லாம் அதே நகைமேல் கூடுதலாக எடுப்பதுதான் உங்களைக் கெடுக்கும் பழக்கம். விலை ஏறியது உங்கள் உழைப்பாலன்று. உலகச் சந்தையில் தங்கம் ஏறியது, 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, அவ்வளவே. அந்த ஏற்றத்தை வருமானமாக நினைத்துச் செலவழித்தீர்கள், வட்டி மட்டும் மாதாமாதம் நிற்கிறது. விலை இன்னும் ஏறும், பொறுப்போம் என்பீர்கள். அடைவிலுள்ள நகையை வைத்திருப்பது இலாபமாக வேண்டுமானால், கடன் அளவான தங்கம் வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் ஏற வேண்டும். சில வருடங்களில் ஏறியிருக்கிறது, 2013இல் உலக விலை காற்பங்குக்கு மேல் விழுந்தும் இருக்கிறது.

மகளின் சீதனம் என்பதால் விற்க மனம் வரவில்லை என்கிறீர்கள். பவுண் 3 இலட்சம் என்ற உங்கள் கணக்கின்படியே பார்த்தால், சீதனத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண் வட்டியாகக் கரைகிறது. ஐந்து பவுண் காப்புகள் ஒரு அடைவுச் சீட்டிலும் ஐந்து பவுண் சங்கிலி இன்னொரு சீட்டிலும் தலா 7 இலட்சத்துக்கு இருப்பது நல்லதாயிற்று. தம்பியிடம் ஒரு கிழமைத் தவணையில் 7 இலட்சம் வாங்கிக் காப்புகளை மீட்டு, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு விற்றுவிடுங்கள். கழிவு போக 14½ இலட்சம் வந்தால் தம்பியின் பணத்தைக் கொடுத்து, மீதியில் சங்கிலியை மீட்கலாம். நகை வியாபாரியே அடைவுகடைக்கு வந்து பணம் கட்டி எடுப்பதாகச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம்; அவசரக்காரருக்கு அவர் வைக்கும் விலை வேறாக இருக்கும்.

அதன் பிறகு மிஞ்சும் மாதம் 21,000இல் பாதியை மகளின் படிப்புக்கும் மீதியைக் கூட்டுறவுக் கிராமிய வங்கியில் விதை வெங்காயத்துக்கும் ஒதுக்குங்கள்.

மகனின் திட்டத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் கடன் காசோடு இறங்கி நிற்பது உங்கள் வீட்டில் 2021 முதலே நடக்கிறது. அதைத் தொலைபேசியிலும் தொடங்குவானேன்? தெரிந்த பொடியன் ஒருவன் மூன்றே மாதத்தில் உழைத்துக் காட்டினான் என்று மகன் சொன்னால், நான்காம் மாதக் கணக்கையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.